உங்கள் கல்வெட்டில் ஒரு பிழை

இஞ்சாருங்கோ,

எனக்குக் கடிதத்தை இப்படித்தான் தொடங்க வருகிறது. இருபத்தாறு வருடமும் உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். குசினிக்குள் நின்று கூப்பிட்டால், ரீவீக்கு முன்னால் இருக்கும் நீங்கள் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். இந்த முறை முதல் தரமே கேட்டால் நல்லது. விஷயம் கொஞ்சம் பெரியது.

உங்கள் கல்வெட்டில் ஒரு பிழை இருக்கிறது. முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு, முன்னட்டையில் உங்கள் படம் போட்டு, நாலு பதிகமும் வாழ்க்கைக் குறிப்பும் சேர்த்து அச்சடித்து வந்தவர்கள் கையில் கொடுத்தோமே, அந்தப் புத்தகத்தைச் சொல்கிறேன். அதில் ஒன்பதாம் பக்கத்தில், "தன் ஒரே மகளைப் பற்றிய மனக்குறையோடு கண் மூடினார்" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியது உங்கள் அத்தான். எழுதச் சொன்னது நான்.

ஒஸ்லோப் பக்கம் ரொம்மனில் இருந்து லோறென்ஸ்கூக் வரைக்கும் எங்களைத் தெரிந்த வீடுகளில் எல்லாம் அந்தப் புத்தகம் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கும். எல்லாவற்றையும் போய்த் திரும்ப வாங்க முடியுமா? அதனால்தான் இந்தக் கடிதம். இந்தக் கார்த்திகையில் உங்கள் இரண்டாவது திவசத்துக்கு வருகிற எல்லோருக்கும் சாப்பாட்டுக்கு முதல் இதைக் கொடுக்கப்போகிறேன். உங்களுக்கு எழுதியதை ஊரும் படிக்கட்டும். பிழையை ஊருக்குச் சொன்னவள் திருத்தத்தை மட்டும் சாமியறையில் நின்று சொன்னால் எப்படி?

படிக்கிறவர்களுக்காக, நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அது உங்கள் கடைசிக்கு முதல் நாள் பின்னேரம். உங்களுக்குக் கதைக்கச் சத்தம் இல்லை. மகள் ஆரணி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டுப் பாஷை நொர்ஸ்க்கில் ஏதோ சொன்னாள். கஷ்டமான கதை எல்லாவற்றையும் அவள் உங்களோடு நொர்ஸ்க்கில்தானே கதைப்பாள், பள்ளிக்கூடத்தில் யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்த காலத்தில் இருந்து. நான் கால்மாட்டில் நின்றேன். அவள் சொன்னதற்குள் யோனாஸ் என்ற பெயர் இரண்டு தரம் வந்தது. கடைசியில், "ஆர் தெ க்ரெய்த், பாப்பா?" என்று கேட்டாள். அப்பா, உங்களுக்குச் சம்மதமோ என்று கேட்கிறாள். அவ்வளவு நொர்ஸ்க் எனக்கும் விளங்கும்.

நீங்கள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தீர்கள். பிறகு "ஹ்" என்று மூச்சை உள்ளுக்கு இழுத்தீர்கள். சுடுசட்டியில் கை பட்டால் இழுப்போமே, அப்படி ஒரு இழுப்பு. அதோடு கண்ணை மூடினீர்கள். அடுத்த நாள் விடிய நீங்கள் இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து நான் ஆரணியிடம் சொன்னது இது: "உன்ரை கேள்விதானடி அப்பாவின்ரை மூச்சை எடுத்தது."

அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "அப்பா ஓம் எண்டவர் அம்மா. ஹன் சா யா." நீங்கள் சம்மதம் சொன்னதாக இரண்டு பாஷையிலும் சொன்னாள்.

"அவர் வாயே திறக்கேல்லை. நானும் பக்கத்திலைதான் நிண்டனான். செத்த மனிசனிலை பொய் சொல்லாதை."

செத்தவீட்டில் உங்கள் அக்காவிடம் இதைச் சொன்னேன். உங்கள் அக்காவுக்குச் சொன்னால் பிறகு யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு அதுவே கல்வெட்டிலும் ஏறியது.

யோனாஸ் யார் என்று அறியாதவர்களுக்கு: ஆரணி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற பொடியன். எதியோப்பியாவின் வடக்கே அக்சும் என்ற ஊரில் பிறந்து, ஐந்து வயதில் இங்கே வந்தவன். அவனைப் பற்றி அந்த நாட்களில் என் வாயில் வந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் எழும்பி வந்து இந்தத் தாளைக் கிழிப்பீர்கள்.

ஆரணி ரொம்மனில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டில் நானும் உங்கள் கதிரையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், சாப்பிடுவாள், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். ரயில் பிந்திவிட்டதா, புளிக்கு உப்புக் காணுமா, இவ்வளவுதான் எங்கள் கதை. அவனைக் கட்டவும் இல்லை, விடவும் இல்லை. உண்மையாகவே சம்மதம் வாங்கினவள் என்றால் ஏன் கட்டாமல் இருக்கிறாள் என்று என் குறுக்குப் புத்தி கேட்டது. அதையே ஒரு சாட்சியாகவும் எடுத்துக்கொண்டேன்.

இந்தப் புரட்டாதியில் ஒரு ஞாயிறு, கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, பள்ளிக்கூட லீவுக்கு நான் அக்சுமுக்குப் போறன். அப்பா பாக்க வேணும் எண்ட கல்லை நிமித்திப் போட்டாங்களாம்."

அந்தக் கல் உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் உங்கள் வருத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கு முந்திய வருடம், "இஞ்சாரும், ஓடி வாரும், கல்லு ஊருக்குத் திரும்பிப் போகுது" என்று கத்தினீர்கள். நான் அகப்பையோடு ஓடி வந்தேன். ரீவீயில் ஒரு பெரிய விமானம், அதன் வயிற்றுக்குள் இருந்து இறங்குகிற கல்துண்டு. இத்தாலிக்காரர் யுத்த காலத்தில் அக்சுமில் இருந்து தூக்கிக்கொண்டு போன கல்லாம். கிட்டத்தட்ட எழுபது வருடம் ரோமாபுரியில் நின்றுவிட்டு ஊர் திரும்புகிறதாம். "இதுக்கோ கூப்பிட்டனீங்கள், அங்கை கறி அடிப்பிடிக்குது" என்று நான் திரும்பிப் போய்விட்டேன். "ஒருக்காப் போய்ப் பாக்க வேணும்" என்று நீங்கள் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஆரணி அப்போதே உங்களிடம் யோனாஸைப் பற்றிச் சொல்லியிருந்தாளா? எனக்குத் தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு கதைத்தீர்கள்?

"தனியவோ போறாய்?" என்று கேட்டேன்.

"யோனாஸும் வாறார். அவரின்ரை மாமா அங்கை இருக்கிறார்."

"கலியாணம் கட்டாத பொடியனோடை பிளேன் ஏறப்போறியோ? அப்ப நானும் வாறன்."

சிரிக்காதீர்கள். இருபத்தேழு வயதுப் பிள்ளை, ரொம்மனில் தனிய இருக்கிறவள், அவளுக்குக் காவலாக நான் ஆபிரிக்கா வரைக்கும் போனேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில் ஒரு கிழமை லீவு கேட்டபோது, எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். மகளோடு சுற்றுலா என்றேன். விமானத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தேன். அந்தப் பிள்ளை, "அன்ரி, தண்ணி?" என்று கேட்டான். எங்கள் பிள்ளைகள் கூப்பிடுகிற அதே அன்ரி. ஆரணிதான் பழக்கியிருப்பாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்சும் உயரத்தில் இருக்கிற ஊர். போய் இறங்கினவுடன் தலை கனத்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. தங்கின இடத்தில் வரவேற்பில் நின்ற பெட்டையிடம், மரக்கறிச் சாப்பாடு இருக்கிறதா என்று ஆரணி கேட்டாள். அந்தப் பெட்டை "ஹ்" என்று மூச்சை இழுத்தாள். சுடுதண்ணீர் வருமா என்று கேட்டதற்கும் அப்படித்தான் இழுத்தாள்.

"பாவம், இந்தப் பிள்ளைக்குத் தொய்வு, இழுப்பு வருத்தம் போலை கிடக்கு. உயரமான ஊரெல்லே," என்றேன்.

ஆரணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு அவர்களுக்கு விரதநாளாம், ஊரே மச்ச மாமிசம் தின்னவில்லை. புளித்த தோசையை மேசை விரிப்பு அளவுக்கு ஊற்றி, அதன் நடுவில் பருப்பும் கீரையும் வைத்துக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துத் தின்ன வேண்டும். நான் என் பக்கத்தை மட்டும் பிய்த்துத் தின்றேன். உறைப்பு நல்லாயிருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் இரண்டாம் தரம் வாங்கினேன்.

மறுநாள் காலை யோனாஸின் தாய்மாமன் கிடானே வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஒரு வெள்ளைச் சால்வை. கல் நிமிர்த்துகிற இடத்தில் காவல் வேலை பார்த்தவராம். நான் தமிழில் கேட்பேன், ஆரணி நொர்ஸ்க்கில் சொல்வாள், யோனாஸ் அதை அவர்களின் பாஷைக்கு மாற்றுவான். பதிலும் அதே வழியால் திரும்பி வரும். ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் எனக்குக் கேட்டதே மறந்துவிடும்.

அழிந்த நகரம் என்றால் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அக்சும் ஒரு காலத்தில் பெரிய அரசுக்குத் தலைநகரமாம், செங்கடல் தாண்டி இந்தியா, இலங்கை வரைக்கும் வியாபாரமாம். இப்போது அந்த நகரத்துக்கு மேலேயே சின்ன ஊர் ஒன்று நடக்கிறது. அரசர்களின் கல்லறைக்குப் பக்கத்தில் ஆடு மேய்கிறது. மாடு பூட்டி உழுகிறவனின் வயலுக்கு நடுவில் ஒரு தூண் நிற்கிறது. மழை முடிந்த காலம், எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூ. ஒரு மதிலின் அடியைக் காட்டினபோது நான் முதல் கேட்ட கேள்வி, "செல் குண்டு விழுந்ததோ?" என்பதுதான். இல்லை, ஆயிரம் வருடத்துக்கு மேலாக அது தன்பாட்டில் இடிந்ததாம். ஒரு வீடு வயது போய் இடிந்து விழலாம் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. எங்கள் ஊர்ச் சண்டைச் செய்தியை உங்களுக்கு இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, கேட்காமல் இருங்கள்.

வழியில் தகரம் போட்ட சின்னக் கொட்டில் ஒன்று. உள்ளே ஆள் உயரக் கல், அதில் மூன்று விதமான எழுத்து. "ராசாவின்ரை கல்வெட்டு, அம்மா" என்றாள் ஆரணி.

"எத்தினையாம் நாளுக்கு அடிச்சது?" என்று கேட்டுவிட்டேன்.

ஆரணி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் என் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல்தரம். யோனாஸ் ஏன் என்று கேட்க, கல்வெட்டு என்றால் எங்களுக்குச் செத்தவருக்கு அடிக்கிற புத்தகமும்தான் என்று விளங்கப்படுத்தினாள். சொல்லிக்கொண்டு போகப் போக அவள் முகம் மாறியது. ஒன்பதாம் பக்கம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது.

பிறகு கல் நிற்கிற வெளிக்குப் போனோம். நீங்கள் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தானே, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரே கல், பல மாடி உயரம். அதில் மாடிக்கு மாடி ஜன்னல் செதுக்கியிருக்கிறார்கள், அடியில் கதவும் செதுக்கி அதற்குப் பூட்டும் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் கல்தான், ஒன்றும் திறக்காது. இதைவிடப் பெரியது ஒன்று பக்கத்தில் துண்டு துண்டாக விழுந்து கிடக்கிறது. நிமிர்த்துகிற நேரத்திலேயே விழுந்திருக்கும் என்கிறார்கள். உங்கள் கல் மட்டும் மூன்று துண்டாகப் போய், ஒட்டி, நிமிர்ந்து நிற்கிறது. ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரிகிறது. நான் கையை வைத்துப் பார்க்க நினைத்தேன், கயிறு கட்டியிருந்தார்கள்.

"இந்தக் கல்லுத்தானோ பிளேனிலை வந்தது?" என்று கேட்டேன். கேள்வி ஆரணியிடம் போய், யோனாஸிடம் போய், கிடானேயிடம் போனது.

கிடானே கல்லை நிமிர்ந்து பார்த்தார். "ஹ்" என்று மூச்சை உள்ளுக்கு இழுத்தார்.

இஞ்சாருங்கோ, அது உங்கள் சத்தம். கட்டிலில் கேட்ட அதே சத்தம். இரண்டு வருடமாக வேலையில் கிழங்கு சீவும்போதும் ரயிலில் இருக்கும்போதும் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. நான் கைப்பையை எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்த மனிசனின் தோளைப் பிடித்து, பக்கத்துக் கல்லில் இருத்தி, நெஞ்சைத் தடவத் தொடங்கினேன். "ஆரணி, தண்ணி கொண்டு வா! இவருக்கு நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்யுது! ஐயோ, ஆரையாவது கூப்பிடுங்கோவன்!" ஆடு மேய்த்தவர்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். கிடானே பயந்துபோய் என் கையையும் யோனாஸின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

யோனாஸ் ஓடி வந்தான். பதட்டத்தில் நொர்ஸ்க் வரவில்லை, அவனுக்குத் தெரிந்த தமிழ்தான் வந்தது. "அன்ரி, ஓம்! ஓம்! வருத்தம் இல்லை. ஓம் மட்டும்!"

எனக்கு விளங்கவில்லை. அவன் தன் நெஞ்சில் கையை வைத்து, "ஹ்" என்று இழுத்துக் காட்டி, "ஓம்" என்றான். அவர்களுக்கு ஓம் என்பதே அந்தச் சத்தம்தானாம். கூடி நின்ற பிள்ளைகள் எல்லாம் எனக்காக "ஹ்", "ஹ்" என்று இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள். கிடானேயும் சிரித்தார். ஆரணி சிரிக்கவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

நான் கிடானேயின் கையை விடவில்லை. "நிமித்தேக்கை நீங்கள் நிண்டனீங்களோ?" என்று கேட்கச் சொன்னேன். "ஹ்." "பிள்ளையள் இருக்கினமோ?" "ஹ்," நாலு விரலைக் காட்டினார். "சந்தோசமா இருக்கினமோ?" "ஹ்." மனிசன் ஒவ்வொரு தரமும் முகம் மலர்ந்துதான் இழுத்தார். அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை. அந்தக் கல்லில் அவருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

பின்னேரம் ஊருக்கு மேற்கே ஒரு அரண்மனையின் அடித்தளம் பார்க்கப் போனோம். மதில்கள் இடுப்பு உயரத்துக்குத்தான் நிற்கின்றன, அறைக்கு அறை இறங்கி ஏறலாம். ஒரு மூலையில் செங்கல் அடுப்புகள் இருந்தன. அரண்மனையின் குசினியாம். எனக்குக் கால் அங்கேதான் நின்றது. யோனாஸும் மாமனும் தூரப் போய்விட்டார்கள், வேண்டுமென்றே போனார்கள் என்று நினைக்கிறேன். நானும் ஆரணியும் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தோம்.

அவள்தான் தொடங்கினாள். "நோர்வேயிலையும் உப்பிடித்தான் அம்மா. வடக்கிலை இன்னும் கூட. யா எண்டுறதை மூச்சை உள்ளுக்கு இழுத்துச் சொல்லுவினம். அப்பா அந்த வடக்கு பின்மார்க்கிலை மீன் பக்டரியிலை நிண்டு பழகினவர். என்னோடை நொர்ஸ்க் கதைக்கேக்கை எப்பவும் அப்பிடித்தான் யா சொல்லுவார்."

"என்னோடை ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லையே."

"உங்களோடை தமிழ்தானே கதைச்சவர். உங்களுக்கு ஓம் எண்டுவார்."

அப்போதுதான் எனக்கு அந்த மல்லித்தண்ணி நினைவு வந்தது. மீன் பக்டரியில் உங்களோடு நின்ற பழைய மேற்பார்வையாளர் வடக்கில் இருந்து ரெலிபோன் எடுப்பாரே, நீங்கள் அரை மணித்தியாலம் "ஹ்", "ஹ்" என்று இழுத்துக்கொண்டிருப்பீர்களே. அந்தக் குளிர் உங்கள் நெஞ்சுக்குள் இறங்கித் தொய்வாகிவிட்டது என்று நான் எத்தனை தரம் மல்லி அவித்துக் கொண்டுவந்து வைத்திருப்பேன்? ஒரு சொல்லும் சொல்லாமல் குடித்துவிட்டுக் கோப்பையைத் தந்தீர்களே. இது வருத்தம் இல்லை, இது இவங்களின்ரை ஓம் என்று ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அந்த நேரம் உங்களில் சரியான கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

"நீ ஏன் எனக்கு இதை அப்பவே விளங்கப்படுத்தேல்லை?" என்று அவளிடமும் பாய்ந்தேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்தானே.

"சொன்னனான். அப்பா யா எண்டவர் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! நீங்கள் மூச்சைப் பற்றிக் கதைச்சனீங்கள், நான் யாவைப் பற்றிக் கதைச்சனான். ரெண்டும் ஒண்டெண்டு எனக்கும் அப்ப தெரியேல்லை. நேற்று அந்தப் பெட்டைக்குத் தொய்வெண்டு சொன்னீங்களே, அப்பதான் எனக்கு விளங்கினது."

அடுப்புச் செங்கல்லை விரலால் தடவினாள். பிறகு, "பிறகு எனக்கே சந்தேகம் வந்திட்டுது அம்மா," என்றாள். "அம்மா இவ்வளவு உறுதியாச் சொல்லுறா. அப்பாக்கு உண்மையிலை நோவோ? நான்தான் ஆசையிலை யா எண்டு கேட்டனானோ? இது தெரியாமல் நான் எப்பிடிக் கலியாணம் கட்டுறது? அதுதான் இவ்வளவு நாளும் யோனாஸை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

அவள் கட்டாமல் இருந்ததை நான் எனக்குச் சாட்சியாக எடுத்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அவள் உங்கள் ஓமைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை அவளிடம் இருந்து பறித்தது நான்.

"நீங்களும் அங்கை நிண்டனீங்கள்," என்றாள். "உங்களை விட வேறை ஒருத்தரும் இல்லை. அப்பா எப்பிடி இழுத்தவர் எண்டு செய்து காட்டுங்கோ அம்மா. நான் பயத்திலை மறந்து போனன்."

எனக்கு மறக்கவில்லை. ஒரு பிசகும் இல்லாமல் அந்தச் சத்தம் என்னிடம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. செய்து காட்டினபிறகு, அது யா இல்லை என்று அவள் சொன்னால்? கண்ணை மூடினேன். நீங்கள் கண் திறந்து அவளைப் பார்த்த மாதிரி நானும் கண் திறந்து அவளைப் பார்த்தேன். கட்டையாக, நுனியில் கொஞ்சம் யகரம் ஒட்டின மாதிரி, உள்ளுக்கு இழுத்தேன்.

ஆரணியின் முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. "அதுதான்," என்றாள். "அதுதான் அம்மா. அது யாதான்."

அந்தக் குசினிக்குள் இருந்து இரண்டு பேரும் அழுதோம். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப உடனை ஏலாது அம்மா. எனக்குக் கொஞ்ச நாள் தாங்கோ" என்றாள். நியாயமான பதில். வெளியே வந்தபோது யோனாஸ் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

ஆகவே, இதைப் படிக்கிறவர்கள் வீட்டுக்குப் போனவுடன் அந்த லாச்சியைத் திறந்து, ஒன்பதாம் பக்கத்து வரியைப் பேனையால் வெட்டிவிடுங்கள். "தன் ஒரே மகளின் விருப்பத்துக்கு ஓம் சொல்லிவிட்டுக் கண் மூடினார்" என்று எழுதுங்கள். ஆரணி பொய் சொல்லவில்லை. அவள் கேள்வி அப்பாவின் மூச்சை எடுக்கவும் இல்லை. அவருடைய கடைசிச் சொல்லை அவள்தான் கேட்டு வாங்கினாள்.

இஞ்சாருங்கோ, இனி உங்களுக்குப் புதினம். திரும்பி வந்தபிறகு ஒஸ்லோ முழுக்க எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. கடையில் காசாளர் பெண், முதியோர் இல்லத்தில் வடக்கே றொம்சோப் பக்கத்துக் கிழவி, நீங்கள் ஓட்டின பஸ்ஸை இப்போது ஓட்டுகிற வெள்ளைக்காரன், எல்லோரும் இழுக்கிறார்கள். பதினெட்டு வருடம் இந்த நாட்டில் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தக் கிழவிக்கு நான் இரண்டு தரம் தாதியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு ஆரணி யோனாஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இடியப்பத்தைப் பிய்க்கத் தெரியாமல் பொடியன் பட்ட பாட்டைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று இருந்தது. கலியாணம் வருகிற வைகாசியில். உங்கள் அக்காவும் அத்தானும் லோறென்ஸ்கூக்கில் இருந்து வந்திருந்தார்கள். எல்லாம் கேட்டு முடித்தபிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல மனதோடுதான் சொன்னா: "தாரை வாக்க நானும் இவரும் நிக்கிறம். நீ பின்னாலை கதிரையிலை இரு. நல்ல காரியத்திலை உன்ரை கை படவேண்டாம்."

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் முறை அதுதானே, புருஷன் இல்லாதவள் முன்னுக்கு நிற்பதில்லை. அதற்குள் ஆரணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாமி, கோவிக்காதேங்கோ. அப்பா ஓம் எண்டதுக்கு அம்மா ஒராள்தான் சாட்சி. என்ரை கையை அம்மாதான் பிடிச்சுக் குடுக்க வேணும்."

அவள் கேட்ட கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வைகாசியில் அந்த மணவறையில் நான் நிற்பேன். உங்கள் பங்கையும் என் பங்கையும் சேர்த்து, அவள் கையை அந்தப் பிள்ளையின் கையில் வைத்து, நானே தண்ணீர் வார்ப்பேன். தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் விழும்.

இப்படிக்கு,
ஆரணியின் அம்மா